ஐவர் ராசாக்கள் எம்மொழிக்கு உரியர்?

நெய்யாற்றின்கரை, பாறசாலை முதல் நாஞ்சில்நாடு வரை வழங்கும் பழைய வீரகதைப் பாடல்கள் தமிழோ மலையாளமோ என்னும் வழக்கு நெடுநாளையது.

இவற்றுள் சிறந்தது ஐவர் ராசாக்கள் கதை. வள்ளியூரில் அரசிருந்த பாண்டிய உடன்பிறந்தார் ஐவர், கன்னட வேந்தன் மகளை மணக்க மறுத்தமையால் மூண்ட போரை அது பாடுகின்றது. கணியாகுளத்தில் திருமலை நாயக்கர் படையை எதிர்த்து மாண்ட இரவிக்குட்டிப் பிள்ளையின் கதையும் இவ்வினத்ததே. அப்போர் 17ஆம் நூற்றாண்டில் நிகழ்ந்தது.

பேராசிரியர் நா. வானமாமலை ஐவர் கதையைத் தமிழ்க் கதைப்பாடலாக 1974இல் பதிப்பித்தார். மலையாள அறிஞரோ இத்தகைய பாடல்களைத் 'தெக்கன் பாட்டுகள்' என வகுத்து, தச்சோளி ஒதேனனைப் பாடும் 'வடக்கன் பாட்டுக'ளின் அருகே வைப்பர்.

இரு திறத்தார்க்கும் சான்றுண்டு. பாடல்களில் இரு மொழிச் சொற்களும் விரவியுள்ளன. அவை பிறந்த நாளில் களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் இடையே மாநில எல்லை இல்லை. 1956 நவம்பர் 1ஆம் நாளன்றே தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அவ்வெல்லையைக் கொண்டு முன்னைய பாடலைப் பங்கிடுதல் பொருந்தாது.

ஆயினும் ஓர் அச்சம் உண்டு. வீட்டில் தமிழ் பேசியும் அதன் எழுத்தறியாது வளரும் பிள்ளைகள் நம்மிடையே பலர். பதிப்பித்த பாடலைப் படிப்பாரும், கொடைவிழாவில் வில்லுப்பாட்டைக் கேட்பாரும் குறைந்தால், வழக்காட எப்பொருளும் எஞ்சாது. அயல்மாநிலத்து வாழும் நாம் முதற்கண் நம் மக்கட்குத் தமிழெழுத்தைக் கற்பிப்போமாக.