சமூக ஊடகங்களில் நிறுவனத் தகவல் வெளிப்படுத்தல் (இந்தியா)

சமூக ஊடகங்களில் நிறுவனத் தகவல் வெளிப்படுத்தல் என்பது, பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் செய்திகள் வாட்சப், முகநூல் போன்றவற்றின் வழியே பரவும்போது வெளிப்படுத்தல் விதிகளை நடைமுறைப்படுத்துவது தொடர்பானதாகும். இந்தியாவில் இப்பொறுப்பு இந்தியப் பங்குகள் மற்றும் பரிவர்த்தனை வாரியத்தைச் (செபி) சார்ந்தது. நிறுவனத்தின் இலாப நட்ட விவரத்தைச் சிலர் மட்டும் முன்னரே அறிந்து பங்குகளை வாங்கி விற்றால், அதனை அறியாத சிறு முதலீட்டாளர்கள் இழப்புக்கு உள்ளாவர். ஆகவே, விலையைப் பாதிக்கக்கூடிய தகவல் அனைவருக்கும் ஒரே நேரத்தில் கிடைக்க வேண்டும் என்பதே இவ்விதிகளின் அடிப்படை ஆகும்.

விதிகள்

இத்துறையில் இரண்டு ஒழுங்குவிதிகள் முதன்மையானவை. இரண்டும் 2015 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தன.

* உள்வணிகத் தடை ஒழுங்குவிதிகள்: வெளியிடப்படாத, விலையைப் பாதிக்கக்கூடிய தகவலைத் தக்க காரணமின்றிப் பிறருக்குத் தெரிவிப்பதையும், அதனைக் கொண்டு வணிகம் செய்வதையும் தடை செய்கின்றன.
* பட்டியலிடல் ஒழுங்குவிதிகள்: முக்கிய நிகழ்வுகளைக் குறித்த கால எல்லைக்குள் பங்குச் சந்தைக்குத் தெரிவிக்குமாறு நிறுவனங்களைப் பணிக்கின்றன.

பட்டியலிடப்படாத அமைப்புகளுக்குப் பட்டியலிடல் விதிகள் பொருந்தா. எடுத்துக்காட்டாக, ஆரணியில் பட்டுச் சேலைகளின் படங்களை வாட்சப்பில் அனுப்பி விற்கும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தை இவை கட்டுப்படுத்துவதில்லை. அங்கு தவறான விளம்பரம் வெளியானால் 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். ஆனால் அதே ஊர் நெசவாளர் தம் சேமிப்பைப் பட்டியலிடப்பட்ட நிறுவனத்தின் பங்குகளில் இட்டால், மேற்கண்ட விதிகளின் பாதுகாப்பு அவருக்கு உண்டு.

வாட்சப் வழக்கு

சில நிறுவனங்களின் காலாண்டு முடிவுகள் அதிகாரப்பூர்வ அறிவிப்புக்கு முன்னரே வாட்சப் குழுக்களில் உலவியதாக 2017 நவம்பரில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. செபி சோதனை நடத்திக் கைபேசிகள் முதலியவற்றைக் கைப்பற்றியது. பின்னர் 2020 இல், செய்திகளை அனுப்பிய சிலருக்கு அபராதம் விதித்தது. எனினும் அத்தகவல் நிறுவனத்திலிருந்து யார் வழியாகக் கசிந்தது என்பதைச் செபியால் நிறுவ இயலவில்லை.

2021 மார்ச்சில் பிணையங்கள் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அவ்வாணைகளை நீக்கியது. பெற்ற செய்தி வெளியிடப்படாத தகவல் என்பதை அனுப்பியவர் அறிந்திருந்தார் என்று மெய்ப்பிக்கப்பட வேண்டும் எனவும், எண்கள் பின்னர் வெளியான முடிவுகளுடன் ஒத்திருப்பது மட்டும் போதாது எனவும் அது கருதியது. செபியின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் 2022 இல் தள்ளுபடி செய்தது.

தடுப்பு நடவடிக்கைகள்

செய்தி பரவிய பின் மூலத்தைத் தேடுவது கடினமாதலால், நிறுவனத்தின் உள்ளேயே பதிவு பேணும் முறை வலியுறுத்தப்படுகிறது. தகவல் யாருடன் பகிரப்பட்டது என்பதைக் காட்டும் மின்னணுத் தரவுத்தளம் 2019 ஏப்ரல் முதல் கட்டாயமானது. முதன்மை ஊடகங்களில் வெளியாகும் குறிப்பிட்ட வதந்திகளை 24 மணி நேரத்திற்குள் உறுதிப்படுத்தவோ மறுக்கவோ வேண்டும் என்ற விதி, 2024 சூனில் முதல் 100 நிறுவனங்களுக்கும் அதே ஆண்டு திசம்பரில் முதல் 250 நிறுவனங்களுக்கும் நடைமுறைக்கு வந்தது. வாட்சப் குழுவில் மட்டும் உலவும் வதந்திக்கு இக்கடமை எழுவதில்லை.

ஐக்கிய அமெரிக்காவில்

2012 சூலையில் நெட்ஃபிளிக்ஸ் தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ், மாதப் பார்வை நேரம் 100 கோடி மணியைக் கடந்ததாகத் தம் முகநூல் பக்கத்தில் எழுதினார். இதனை ஆராய்ந்த அந்நாட்டுப் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணையம், எந்தச் சமூக ஊடகத்தில் தகவல் வெளியாகும் என்று முதலீட்டாளர்களுக்கு முன்னரே அறிவித்திருந்தால் அதனைப் பயன்படுத்தலாம் என 2013 ஏப்ரலில் விளக்கியது.