பொங்கல் பார்சல்: உரிய நாளில் போய்ச் சேர எப்போது, எப்படி அனுப்ப வேண்டும்?

வெல்லம், பச்சரிசி, பாசிப்பருப்பு, மஞ்சள் தூள் ஆகியவற்றை நுகர்வோருக்கு நேரடியாக விற்கும் விவசாயிகள் ஆண்டுக்கு ஆண்டு அதிகமாகி வருகிறார்கள். வாட்ஸ்அப்பில் ஆர்டர் வாங்கி, பார்சல் கட்டி அனுப்பும் இந்த வியாபாரத்தில் மார்கழி மாதம்தான் முக்கியமான பருவம். பணம் கிடைப்பதும் இந்த மாதத்தில்தான், கை நழுவுவதும் இந்த மாதத்தில்தான். பொங்கல் முடிந்த பிறகு போய்ச் சேரும் பொங்கல் வெல்லத்துக்கு விலை கிடையாது.

எங்கள் மதிப்புக்கூட்டல் பயிற்சிக்கு வந்த ஒரு விவசாயியின் அனுபவத்தைச் சொல்கிறேன். அவர் ஜனவரி 10-ம் தேதி வரை ஆர்டர் வாங்கி 60 பெட்டிகள் அனுப்பினார். அவற்றில் 22 பெட்டிகள் பொங்கலுக்குப் பிறகே சேர்ந்தன. சில பெட்டிகளில் வெல்லம் கசிந்து அரிசிப் பை நனைந்திருந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்ததோடு, இரு வழி பார்சல் கட்டணமும் அவர் தலையில் விழுந்தது. பொருளில் குறை இல்லை. நாள் கணக்கிலும் கட்டிய முறையிலும்தான் குறை. அடுத்த ஆண்டு ஜனவரி 7-ம் தேதியோடு ஆர்டரை நிறுத்தினார். பெட்டிகள் குறைந்தன, ஆனால் நட்டம் இல்லை.

நாட்களைப் பின்னோக்கி எண்ணுங்கள்

பொங்கல் ஜனவரி 14 அல்லது 15-ல் வரும். அந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, அனுப்பும் கடைசித் தேதியை முடிவு செய்ய வேண்டும். சாதாரண நாட்களில் 3 நாளில் சேரும் பார்சலுக்கு இந்தப் பருவத்தில் 6 நாள் என்று வைத்துக்கொள்ளவும். கிறிஸ்துமஸ், ஆங்கிலப் புத்தாண்டு, பொங்கல் மூன்றும் மூன்று வாரத்துக்குள் வருவதால் பார்சல் அலுவலகங்களில் சுமை கூடுகிறது. இடையில் ஞாயிற்றுக்கிழமைகளும் விடுமுறைகளும் வருகின்றன. வட மாநிலங்களில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் மூடுபனியால் ரயிலும் விமானமும் தாமதமாகும்.

கீழ்க்கண்ட தேதிகளைக் கடைசி நாளாக வைத்துக்கொள்ளலாம்:

- வெளிநாடு: டிசம்பர் முதல் வாரம்
- டெல்லி, கொல்கத்தா போன்ற தொலைவான நகரங்கள்: டிசம்பர் 30
- மும்பை, புனே: ஜனவரி 2
- பெங்களூரு, ஹைதராபாத், கேரளா: ஜனவரி 5
- தமிழ்நாட்டுக்குள்: ஜனவரி 7

இவை பார்சலை அலுவலகத்தில் ஒப்படைக்கும் தேதிகள். ஆர்டர் வாங்குவதை இதற்கு 2 நாள் முன்னதாகவே நிறுத்தினால்தான் கட்டி முடிக்க நேரம் கிடைக்கும். டெல்டா விவசாயிகளுக்கு இதே நாட்களில் சம்பா அறுவடையும் வந்துவிடும். ஆள் கிடைக்காத நேரத்தில் பார்சல் வேலையையும் சேர்த்துச் செய்ய முடியாது. பெட்டி, டேப், பை, லேபிள் ஆகியவற்றை கார்த்திகை மாதத்திலேயே வாங்கி வைக்கவும்.

பொங்கலுக்கு எங்கே இருப்பீர்கள் என்று கேளுங்கள்

பலர் தவறவிடும் இடம் இது. சென்னை, பெங்களூரில் வசிக்கும் நம் மக்கள் பலர் ஜனவரி 11, 12 தேதிகளிலேயே சொந்த ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். பார்சல் 13-ம் தேதி போனாலும் வீடு பூட்டியிருக்கும். ஓரிரு முறை முயன்றுவிட்டு, பார்சலை உங்களுக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். எனவே ஆர்டர் வாங்கும்போதே இரண்டு கேள்விகள் கேட்கவும்: "பொங்கலுக்கு எந்த ஊரில் இருப்பீர்கள்? எந்தத் தேதி வரை இந்த முகவரியில் ஆள் இருக்கும்?" சொந்த ஊர் முகவரிக்கு அனுப்பச் சொன்னால், அந்த ஊருக்கு டெலிவரி உண்டா என்று பின்கோடு எண்ணை வைத்து முன்கூட்டியே விசாரிக்கவும். தனியார் கூரியர் போகாத கிராமங்கள் பல உண்டு. அங்கெல்லாம் அஞ்சல் துறையின் ஸ்பீட் போஸ்ட் நல்ல வழி. ஸ்பீட் போஸ்டில் ஒரு பார்சல் 35 கிலோ வரை அனுப்பலாம்.

ஈரம் இல்லாமல் கட்டவும்

மார்கழிப் பனியில் காற்றில் ஈரப்பதம் அதிகம். வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் அந்த ஈரத்தை இழுத்துக் கசியும். அதிகாலையிலும் இரவிலும் வெல்லத்தைத் திறந்து வைத்துக் கட்டக்கூடாது. வெயில் ஏறிய பிறகு, காலை 10 மணிக்கு மேல் கட்டவும். புதிதாகக் காய்ச்சிய வெல்லம் நன்றாக ஆறி இறுகிய பிறகே பையில் போட வேண்டும். சூட்டோடு மூடினால் பைக்குள்ளேயே வியர்த்து நீர் கோர்க்கும்.

அரிசி, பருப்பு இரண்டையும் நன்கு காயவைத்து, ஆறவிட்டு அடைக்கவும். பருப்பைக் கடித்தால் 'கடக்' என்று உடைய வேண்டும். அமுங்கினால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அறியலாம். மஞ்சளை 10 சதவீத ஈரப்பதத்துக்குக் காயவைத்த பிறகு அரைத்த தூளே கட்டி பிடிக்காமல் இருக்கும். வெல்லத்தைத் தடிமனான பிளாஸ்டிக் பையில் இட்டு, சூட்டில் ஒட்டும் கருவியால் மூடி, அதை இன்னொரு பையில் போடவும். அரிசியோடு வெல்லம் ஒட்டி உரசாமல் இருக்க நடுவில் அட்டை வைக்கவும்.

இடைவெளியை நிரப்ப வைக்கோலோ உமியோ வேண்டாம். அதில் ஈரமும் வண்டும் இருக்கலாம். கசக்கிய பழைய செய்தித்தாள் போதும், ஆனால் அது உணவுப் பொருளை நேரடியாகத் தொடக்கூடாது. பெட்டியைக் கையில் எடுத்து ஆட்டிப் பார்க்கவும். உள்ளே எதுவும் உருளக்கூடாது.

எண்ணெய், நெய் பாட்டில்களை அதே பெட்டியில் வைக்க வேண்டாம். ஒரு மூடி கழன்றால் எல்லாம் வீண். சில கூரியர் அலுவலகங்கள் திரவப் பொருட்களை வாங்குவதே இல்லை; முன்பே கேட்கவும். பொங்கல் தொகுப்பு என்று கற்பூரம், தீப்பெட்டி சேர்க்கக்கூடாது. எளிதில் தீப்பற்றும் பொருட்களைப் பார்சலில் அனுப்ப அனுமதி இல்லை. முழுக் கரும்பும் பச்சை மஞ்சள் கொத்தும் கூரியருக்கு ஏற்றவை அல்ல. பல வாடிக்கையாளர்கள் ஒரே நகரத்தில் இருந்தால், மொத்தமாக வண்டியில் கொண்டுபோய் ஒரே இடத்தில் வைத்துக் கொடுப்பது நல்லது.

பெட்டியின் அளவுக்கும் கட்டணம் உண்டு

பல பார்சல் நிறுவனங்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்கள். அந்த எண், உண்மையான எடை இரண்டில் எது அதிகமோ அதற்கே கட்டணம்.

உதாரணமாக, 4 கிலோ பொருளை 40 × 30 × 25 செ.மீ. பெட்டியில் வைத்தால் 30,000 ÷ 5000 = 6 கிலோவுக்குக் கட்டணம் கட்ட வேண்டும். அதே பொருளை 30 × 25 × 20 செ.மீ. பெட்டியில் வைத்தால் கணக்கு 3 கிலோதான் வரும். எனவே உண்மை எடையான 4 கிலோவுக்கு மட்டும் கட்டினால் போதும். ஒரு பெட்டிக்கு 2 கிலோ கட்டணம் மிச்சம். ஆகவே 2 கிலோ, 4 கிலோ என இரண்டே தொகுப்புகளாகப் பிரித்து, அவற்றுக்குப் பொருந்தும் இரண்டு அளவுப் பெட்டிகளை மட்டும் வாங்கவும்.

முகவரியும் ரசீதும்

- பெறுநர் பெயர், கதவு எண், தெரு, ஊர், 6 இலக்கப் பின்கோடு, இரண்டு கைப்பேசி எண்கள் ஆகியவற்றைத் தெளிவாக எழுதவும். வெளி மாநிலத்துக்கு ஆங்கிலத்தில் எழுதவும்.
- லேபிளின் மேல் ஒளி ஊடுருவும் டேப் ஒட்டவும். பனியில் மை கரையாது.
- முகவரியின் நகல் ஒன்றைப் பெட்டிக்குள்ளும் வைக்கவும்.
- மூடும் முன்பும் மூடிய பின்பும் கைப்பேசியில் படம் எடுக்கவும். சேதம் என்று புகார் வந்தால் இதுவே சான்று.
- ரசீதில் உள்ள கண்காணிப்பு எண்ணை அன்றே வாடிக்கையாளருக்கு அனுப்பவும். ஸ்பீட் போஸ்ட் எண் 13 எழுத்துகளும் இலக்கங்களும் கொண்டது.
- மஞ்சள் தூள் போன்ற மதிப்புக்கூட்டிய பொருட்களின் பையில் தயாரித்த தேதி, நிகர எடை, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் இருக்க வேண்டும்.

வெளிநாட்டுக்கு அனுப்புவோர் அந்த நாட்டின் விதியை முதலில் கேட்டறியவும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகள் விதை, தானியம், பால் பொருட்களில் மிகக் கண்டிப்பானவை. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குத் தனிநபர் பார்சலில் நெய் அனுப்ப முடியாது.

கடைசித் தேதிக்குப் பிறகு வரும் ஆர்டர்

இதுதான் கடினமான இடம். வரும் பணத்தை வேண்டாம் என்று சொல்ல மனம் வராது. ஆனாலும் "பொங்கலுக்குள் சேரும் என்று உறுதி சொல்ல முடியாது; தை மாத வீட்டுத் தேவைக்கு வேண்டுமானால் 19-ம் தேதிக்கு மேல் அனுப்புகிறேன்" என்று சொல்லிவிடவும். பலர் அதற்குச் சம்மதிப்பார்கள். சம்மதிக்காதவர்களும் உங்கள் சொல்லை நம்பி அடுத்த ஆண்டு முன்கூட்டியே கேட்பார்கள்.

டிசம்பர் முதல் வாரத்திலேயே எல்லா வாடிக்கையாளர்களுக்கும் கடைசித் தேதிப் பட்டியலை அனுப்பிவிடவும். முதலில் உங்கள் வீட்டு முகவரியிலிருந்து சென்னையில் உள்ள உறவினர் ஒருவருக்கு ஒரு பெட்டி அனுப்பிப் பார்க்கவும். எத்தனை நாளில் சேர்ந்தது, வெல்லம் எந்த நிலையில் இருந்தது என்று கேட்டு, அதற்கேற்பக் கட்டும் முறையைத் திருத்திக்கொள்ளலாம். பொதி கட்டுதல், லேபிள், உரிமம் பற்றிய பயிற்சி தேவைப்படுவோர் தங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகவும்.