செயலாய்வு (ஆங்கில மொழி கற்பித்தல்)

செயலாய்வு என்பது ஆசிரியர் தம் வகுப்பறையில் எழும் சிக்கலைத் தாமே ஆராய்ந்து, கற்பிக்கும் முறையைச் சீர்செய்துகொள்ளும் ஆய்வுமுறை. இலங்கையில் இது செயல்நிலை ஆய்வு எனப்படும். ஆங்கில ஆசிரியர்களின் பணித்திறன் மேம்பாட்டில் இதற்கு முக்கிய இடமுண்டு.

தோற்றம்: சமூக உளவியலாளர் கர்ட் லெவின் 1946இல் வெளியிட்ட கட்டுரையால் இக்கருத்து பரவியது. 1953இல் கல்வியாளர் ஸ்டீபன் கோரியின் நூல் இதை அமெரிக்கப் பள்ளிகளுக்குக் கொண்டுசென்றது. ஆசிரியரும் ஆய்வாளரே என்னும் கொள்கையை இங்கிலாந்தின் கல்வியாளர் லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் 1975இல் வலியுறுத்தினார்.

செயல்முறை: திட்டமிடல், செயல்படுத்தல், உற்றுநோக்கல், மீள்சிந்தித்தல் ஆகிய நான்கு படிகள் சுழற்சியாக நிகழும். ஒரு சுற்றின் முடிவிலிருந்தே அடுத்த சுற்று தொடங்கும்.

எடுத்துக்காட்டு: மாணவர்கள் ஆங்கிலத்தில் பதில் சொல்லத் தயங்குவதைக் காணும் ஆசிரியர், பாடத்தைக் கைபேசியில் பதிவுசெய்து கேட்கிறார். கேள்வி கேட்டவுடன் தாமே விடை சொல்லிவிடுவது தெரியவருகிறது. அடுத்த வாரம் 3 விநாடி காத்திருக்கிறார். எத்தனை பேர் பேசினர், சொன்னது ஒற்றைச் சொல்லா, முழு வாக்கியமா எனக் குறித்து ஒப்பிடுகிறார். காத்திருந்தால் விடைகள் நீள்வதை அமெரிக்க அறிவியல் வகுப்புகளில் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் காட்டியிருந்தார்.

மாற்றுப் பார்வை: ஆய்வு ஆசிரியருக்குச் சுமையாகக் கூடாது, வழக்கமான வகுப்புப் பயிற்சிகளையே ஆய்வுக் கருவியாக்கலாம், மாணவரும் அதில் பங்காளிகளே என்றார் மொழி கற்பித்தல் ஆய்வாளர் டிக் ஆல்ரைட்.

மதிப்பீடு: ஒரு வகுப்பில் கண்ட முடிவு எல்லா வகுப்புக்கும் பொருந்தாது. ஆயினும் தம் மாணவரிடம் சோதித்தறிந்த முறையே ஆசிரியரிடம் நிலைக்கும் என்பதால், ஆசிரியர் பயிற்சியில் பயிலரங்குகளுக்கு இணையான இடம் இதற்குத் தரப்பட வேண்டும்.