ஜெனோவாவில் வெடிக்காத குண்டு

போன தை மாதம் இத்தாலியில் அக்கா வீட்டில் நின்றபோது, ஒருநாள் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு ஜெனோவாவுக்குப் போனேன். மிலானிலிருந்து ரயிலில் இரண்டு மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். துறைமுக நகரம், குளிர் குறைவாத்தான் இருக்கும் எண்டு அக்கா சொல்லியிருந்தா. மலைப்பக்கமிருந்து கடலுக்கு இறங்கும் வடகாற்று அக்காவின்ர சொல்லைக் கேட்கவில்லை.

மருமகளுக்கு ஒன்பது வயது, மருமகனுக்கு ஆறு. அவையளுக்குத் தேவை மீன் காட்சியகம் மட்டும்தான். கொலம்பஸ் அமெரிக்கா போய் 500 வருசம் ஆனதைக் கொண்டாட 1992இல் பழைய துறைமுகத்தில் கட்டினது அது. சுறா, பென்குயின் எல்லாம் பார்த்து முடிய, ஒரு ஒடுங்கிய சந்துக்குள் ஃபரினாத்தா சாப்பிட்டோம். கடலைமாவைத் தண்ணீரிலும் ஒலிவ் எண்ணெயிலும் கரைத்துப் பெரிய தட்டில் ஊற்றிச் சுடுவது. "இது தடிச்ச தோசை" எண்டு மருமகன் தீர்ப்புச் சொன்னான். பிழையில்லை.

பிறகுதான் சான் லொரென்ஸோ பேராலயம். கறுப்பும் வெள்ளையுமாக வரிபோட்ட முகப்பு, படியோரம் இரண்டு கல் சிங்கங்கள். முகப்பில் எங்கேயோ ஒரு சின்னக் கல் நாய் படுத்திருக்கிறது, அதைக் கண்டுபிடிக்கிறது அங்கத்தைய பிள்ளையளின்ர விளையாட்டு. நாங்கள் தேடிக் களைத்து உள்ளே போனோம். வலப்பக்கச் சுவரோரம் பெரிய பீரங்கிக் குண்டு ஒன்று நிற்கிறது. விட்டம் 381 மில்லிமீற்றர்.

1941 பெப்ரவரி 9, ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. ஜிப்ரால்டரிலிருந்து வந்த பிரித்தானியக் கப்பல்கள் கடலில் நின்று நகரத்தைச் சுட்டன. ரினவுன், மலாயா, ஷெஃபீல்ட் என்ற மூன்றும் அரைமணித்தியாலம் அளவில் சுட்டன. குறி துறைமுகமும் ஆலைகளும், திருத்தத்துக்கு நின்ற துய்லியோ என்ற போர்க்கப்பலும். துய்லியோவில் ஒரு குண்டும் படவில்லை. செத்த சனம் 144 பேர். பேராலயத்தின் சுவரை உடைத்துக்கொண்டு உள்ளே விழுந்த குண்டு வெடிக்கவில்லை. போர்க்கப்பலின் இரும்புக் கவசத்தைத் துளைக்கச் செய்த குண்டு அது, கோயில் சுவர் அதுக்குப் போதிய எதிர்ப்புக் கொடுக்கேல்ல என்பதுதான் வழமையாகச் சொல்லப்படும் காரணம். சுவரில் பதித்த கல்வெட்டு வேறு காரணம் சொல்கிறது. மருமகள் இத்தாலியனில் வாசித்துத் தமிழில் சொன்னாள்: "மாதாவுக்கு நன்றி எண்டு எழுதியிருக்கு மாமா."

அந்தக் குண்டைச் சுட்டது மலாயா என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள். அந்தப் பெயரில்தான் என்ர மனம் கொழுவிக்கொண்டது. 1915இல் கடலில் இறக்கிய அந்தக் கப்பலுக்குக் காசு கொடுத்தது லண்டன் இல்லை. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் என்ற நான்கு நாடுகளும் சேர்ந்த மலாய்க் கூட்டரசு. அதின்ர வருமானம் வெள்ளீயமும் ரப்பரும். ரப்பர்ப் பால் வெட்டினவர்களில் பெரும்பாலானோர் தமிழகத்திலிருந்து போன கூலித் தொழிலாளர். கந்தோரிலும் ரயில் நிலையங்களிலும் எழுதுவினைஞராக, ஸ்டேசன் மாஸ்டராக இருந்தவர்களில் கனபேர் யாழ்ப்பாணத்தார். "மலாயா பென்சன்" எண்டு எங்கட கிராமங்களில் இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார்களே, அந்தக் காசு வந்த அதே பெட்டியிலிருந்துதான் இந்தக் கப்பலுக்கும் போனது. பென்சனைப் பற்றிப் பேசுகிற அளவுக்குக் கப்பலைப் பற்றி ஒருவரும் பேசி நான் கேட்டதில்லை.

அன்றைக்கு அந்தக் கப்பல்களை நடத்தி வந்த அட்மிரல் சொமர்வில் அடுத்த வருசமே இலங்கைக்கு வந்தார், கிழக்குக் கடற்படையின் தளபதியாக. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன, 9ஆம் திகதி திருகோணமலையில். அதே நாளில் ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் தாண்டது. ஜெனோவாவில் குண்டு போட வந்த அதே அட்மிரலுக்கு இஞ்ச குண்டிலிருந்து கப்பல்களைக் காப்பாற்றுகிற வேலை.

இதெல்லாம் பிள்ளையளுக்குச் சொல்ல முடியுமா? மருமகள் கேட்டது வேறு.

"ஆர் மாமா சுட்டது?"

"பிரித்தானியர்."

"அவை நல்ல ஆக்கள்தானே? முசோலினிதானே கூடாதவர்?"

பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறாள், படித்ததும் சரிதான். முசோலினி தொடங்கின சண்டைதான் அது. அந்த 144 பேரும் செத்ததும் உண்மைதான். இரண்டையும் ஒரே வசனத்தில் வைத்து ஒன்பது வயதுப் பிள்ளைக்குச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. "ஓம், ஆனா..." எண்டு தொடங்கி நிப்பாட்டிவிட்டேன்.

மருமகன் குண்டைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினான். நான் யோசிக்காமலேயே அவன்ர கையைப் பிடித்து இழுத்துவிட்டேன். சத்தமும் போட்டிருப்பேன் போல, முன்வரிசையில் செபம் சொல்லிக்கொண்டிருந்த கிழவி ஒருவர் திரும்பிப் பார்த்தார். வன்னியில் வளர்ந்த எங்களுக்குக் கை அப்படித்தான் பழகியிருக்கிறது. கிடக்கிறதைத் தொடாதே, உதைக்காதே, பெரியாக்களைக் கூப்பிடு. அவனுக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு ஒரு ஃபொக்காச்சியா வாங்கிக் கொடுத்துச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது.

திரும்பும் ரயிலில் அவன் நித்திரை. மருமகள் யன்னலோரம் இருந்து கேட்டாள்: "உள்ளுக்க இருந்த மருந்தை ஆர் எடுத்தது?"

அதுக்கெண்டு பழகின ஆக்கள் இருக்கினம் எண்டேன். எங்கட ஊரிலயும் இருக்கினம், கனபேர் பொம்பிளையள். முழங்காலில இருந்து, கொஞ்சம் கொஞ்சமாய் மண்ணைச் சுரண்டி எடுப்பினம்.

"இப்பவுமா?"

"இப்பவும்தான்."