பூதத்துக்கும் நான்கு வருணம்: நெய்வேலியிலிருந்து ஒரு வாசிப்பு

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்பார்கள். நெய்வேலிக்காரர்களான நமக்கு அது பழமொழியாகவும் இருக்கிறது, ஊரின் வரலாறாகவும் இருக்கிறது. 1930களின் நடுவில் ஜம்புலிங்க முதலியார் என்ற நிலவுடைமையாளரின் நிலத்தில் தண்ணீருக்காகத் தோண்டியபோது கருப்பாக ஏதோ மேலே வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956இல் நிறுவனம் பதிவானது. 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1962இல் அனல்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. நிலத்துக்காரரின் பெயர் ஊருக்கே தெரியும். அன்றைக்கு மண்ணில் இறங்கித் தோண்டியவர்களின் பெயரை எந்தக் கல்வெட்டிலும் நாம் படித்ததில்லை.

தோழர்களே, பூதக் கதை பேச இதுவே நமக்குப் போதுமான காரணம். ஒரு சமூகம் தன் பூதங்களை எங்கே குடிவைக்கிறது, என்ன நிறம் பூசுகிறது, என்ன வேலை வாங்குகிறது என்று பாருங்கள். அந்தச் சமூகம் உழைப்பவர்களை எப்படிப் பார்த்தது என்பது தெரிந்துவிடும்.

ஹாரி பாட்டர் படித்த தம்பி தங்கைகளுக்கு காப்ளின்களைத் தெரியும். குள்ளமான உருவம், பூமிக்கடியில் வேலை, பிறர் தங்கத்துக்குக் காவல். 1937இல் வந்த டோல்கினின் 'ஹாபிட்' நாவலில் அவை மலையைக் குடைந்து வாழ்கின்றன, கருவிகள் செய்வதில் கெட்டிக்காரத்தனம் காட்டுகின்றன, ஆனாலும் வெறுக்கத்தக்கவை. இந்தக் கற்பனைக்குப் பின்னால் நிஜமான சுரங்கங்கள் இருக்கின்றன. ஜெர்மானியச் சுரங்கத் தொழிலாளர்கள் வெள்ளி என்று நம்பி எடுத்த ஒரு தாதுவை உருக்கினால் வெள்ளி கிடைக்காது, நச்சுப் புகைதான் வரும். 'கோபோல்ட்' என்ற பூதத்தின் வேலை இது என்றார்கள். 18ஆம் நூற்றாண்டில் அந்தத் தாதுவிலிருந்து பிரித்தெடுத்த உலோகத்துக்கு அதே பெயர் நிலைத்தது. இன்று நம் கைபேசி பேட்டரியில் இருக்கும் கோபால்ட் அதுதான். புகையில் ஆர்செனிக் இருந்தது. நோய்ப்பட்டவன் தொழிலாளி, பழி பூதத்துக்கு. சுரங்க முதலாளி மீது ஒரு துரும்பும் விழவில்லை.

இனி நம் ஊர்ப் பூதங்களின் சமூகத்துக்கு வருவோம்.

முதலில் உடல். குட்டைக் கால், பானை வயிறு, கருத்த மேனி. பழைய கோயில்களில் கூரை விளிம்புக்குக் கீழே வரிசையாகப் பூதங்களைச் செதுக்கியிருப்பார்கள். அதற்குப் பூதவரி என்றே பெயர். கட்டடத்தின் பாரத்தைத் தாங்குவதுபோல் சில பூதங்கள் கைகளை உயர்த்தி நிற்கும். கருவறைக்குள் அவற்றுக்கு இடமில்லை. நடராசர் சிலையைப் பாருங்கள், ஆடும் காலுக்கு அடியில் கிடக்கும் முயலகனும் ஒரு குள்ளன்தான்.

அடுத்து பசி. திருவிளையாடல் கதையில் மீனாட்சி கல்யாணத்துச் சோற்றையெல்லாம் குண்டோதரன் என்ற பூதம் ஒருவனே தின்று தீர்க்கிறான், தாகத்துக்கு வைகையே வரவேண்டியிருக்கிறது. நமக்கு இதைக் கேட்டால் சிரிப்போடு இன்னொன்றும் தோன்றும். பந்தி முடிந்தபின் மிச்சத்துக்காகக் காத்து நிற்க வைக்கப்பட்டவர்களின் பசியையும் ஊர் இப்படித்தான் கேலி பேசியது.

பிறகு வேலை. ஒரே ராத்திரியில் பூதம் கட்டிய கோயில், பூதம் வெட்டிய குளம் என்று ஊர் ஊருக்குக் கதை உண்டு. விடிவதற்குள் வேலை முடிய வேண்டும், முடிந்ததும் பூதம் கண்ணில் படக்கூடாது. கூலி பற்றிப் பேச்சே இருக்காது. 1967இல் வந்த 'பட்டணத்தில் பூதம்' படத்து ஜீபூம்பா வரைக்கும் பூதம் என்றால் ஏவிய வேலையைச் செய்யும் ஆள்தான். கல் சுமந்தவர்களையும் மண் வெட்டியவர்களையும் மறந்துபோன ஊருக்கு, வேலை தானாக நடந்தது என்று சொல்ல ஒரு பூதம் வசதியாகக் கிடைத்தது.

ஆனால் பூதங்களின் வரலாறு முழுக்க அடிமை வரலாறு இல்லை. சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்துச் சதுக்கப் பூதம் ஒரு நீதிபதி. போலித் துறவி, பொய்சாட்சி சொல்பவன், புறங்கூறுபவன், நம்பிக்கை துரோகம் செய்யும் அமைச்சன் ஆகியோரைப் பாசக்கயிற்றால் கட்டி, அடித்து உண்ணும். இன்றைக்கு இந்தப் பூதத்துக்கு எத்தனை ஊரில் வேலை இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதே காப்பியத்தில் மதுரை எரியும் இடத்துக்குப் போனால் வேறொரு உண்மை நிற்கிறது. நகரத்தைக் காத்த பூதங்கள் நான்கு. அந்தணர்க்கு ஒன்று, அரசர்க்கு ஒன்று, வணிகர்க்கு ஒன்று, வேளாளர்க்கு ஒன்று. தீப்பிடிக்கும் நேரத்தில் நான்கும் நகரை விட்டு வெளியேறுகின்றன. பூதங்களிடையிலும் நான்கு வருணம். இந்த நான்கிலும் அடங்காத மக்களுக்கு அங்கே ஒரு காவல் பூதம்கூட இல்லை. மாடத்தைக் கட்டியவர்கள், செத்த மாட்டை இழுத்தவர்கள், சுடுகாட்டில் நின்றவர்கள் யாருடைய கணக்கில் இருந்தார்கள்? கணக்கில் வராத அவர்களுக்குத்தான் பிற்காலத்தில் பூதம், அரக்கன் என்று பெயர் கிடைத்தது என்று வாசிக்க நமக்கு முன்னோடிகள் இருக்கிறார்கள்.

1873இல் ஜோதிராவ் புலே 'குலாம்கிரி' நூலில் புராணத்து அசுரர்களையும் ராட்சசர்களையும் இந்த மண்ணின் மூத்த குடிகளாக வாசித்தார். பலி மன்னனை அவர் அரக்கனாகப் பார்க்கவில்லை, மக்களின் நல்ல அரசனாகப் பார்த்தார். 1907இல் பத்திரிகை தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர், தீண்டாதார் என்று தள்ளப்பட்டோர் பழைய பௌத்தர்கள் என்று வாதிட்டு, பண்டிகைகளுக்கும் கதைகளுக்கும் வேறு பொருள் சொன்னார். 1948இல் அண்ணல் அம்பேத்கர், ஊருக்கு வெளியே குடியிருப்பு ஏன் வந்தது என்ற கேள்வியிலிருந்து தீண்டாமையின் வரலாற்றைத் தேடினார். அவர்களின் முடிவுகள் ஒவ்வொன்றையும் வரலாற்றாய்வாளர்கள் விவாதிக்கலாம், விவாதிக்கவும் வேண்டும். ஆனால் கதையில் அரக்கனாக வருபவனின் பக்கம் நின்று கதையைக் கேள் என்ற முறையை நமக்குத் தந்தவர்கள் அவர்கள்தான்.

துளு நாட்டுப் பூத வழிபாட்டை 'காந்தாரா' படத்தில் பார்த்திருப்பீர்கள். அங்கே பூதமாக ஆடுபவர்கள் நலிகே, பம்பதா, பரவா போன்ற ஒடுக்கப்பட்ட சமூகத்தவர்கள். அன்றிரவு நிலவுடைமையாளர் கைகட்டி நிற்பார், பூதம் நியாயம் சொல்லும். விடிந்ததும் ஆடியவர் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். பூதத்துக்குக் கொடுத்த மரியாதை மனிதனுக்கு வந்து சேரவில்லை.

இப்போது நெய்வேலிக்குத் திரும்புவோம். சுரங்கத்துக்கு நிலம் எடுத்தபோது அமலில் இருந்தது 1894ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம். இழப்பீடு நிலத்தில் உரிமை உள்ளவருக்கு. அந்த நிலத்தில் காலமெல்லாம் நாற்று நட்டு, களை பறித்து, கதிர் அறுத்த கூலிக்காரருக்குப் பட்டா கிடையாது, ஆகவே அவர் கணக்கிலும் கிடையாது. மதுரையில் நடந்ததுதான் இங்கேயும் நடந்தது. நிலமில்லாத விவசாயக் கூலிகளும் பாதிக்கப்பட்ட குடும்பம்தான் என்று மத்தியச் சட்டத்தில் எழுத 2013 வரை ஆனது. தமிழ்நாட்டிலோ தொழில் நோக்கங்களுக்கு நிலம் எடுக்க 1997ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் பயிர் நின்ற வயலில் இயந்திரங்கள் இறங்கியபோது நாடே பார்த்தது. நிலத்துக்கு என்ன விலை என்று எல்லோரும் பேசினார்கள். நடவு நட்ட பெண்களின் கூலி எங்கே போனது என்று கேட்டவர்கள் குறைவு.

2020 ஜூலை 1 அன்று இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்துப் பத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இறந்தார்கள். ஒப்பந்தத் தொழிலாளர்களும் அதில் இருந்தார்கள். இப்படிச் சாவு விழும்போதெல்லாம் 'பூமி காவு கேட்குது' என்று யாராவது சொல்வது நம் பக்கத்து வழக்கம். புகாரின் நாளங்காடிப் பூதத்துக்கு வீரர்கள் தலையைப் பலி கொடுத்ததாகச் சிலம்பு சொல்கிறது. அந்தப் பழைய நம்பிக்கையின் எச்சம் இது. துக்கத்தில் சொல்பவரை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் கோபோல்ட் மீது பழி போட்டபோது நடந்ததே இங்கும் நடக்கிறது. பூதம் காவு வாங்கியது என்றால் பராமரிப்பு எப்போது நடந்தது, பாதுகாப்புக் கருவி யாருக்குக் கொடுத்தார்கள், நிரந்தரத் தொழிலாளியின் உயிருக்கும் ஒப்பந்தத் தொழிலாளியின் உயிருக்கும் ஏன் வேறு வேறு விலை என்ற கேள்விகள் புகையோடு போய்விடும்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் ஊரில் பூதம் கட்டியதாகச் சொல்லும் குளமோ கோயிலோ இருந்தால், அதைச் சுற்றியுள்ள சேரியில் உள்ள மூத்தவர்களிடம் போய் உட்காருங்கள். சுரங்கத்துக்குப் போன ஊர்களில் யார் நிலத்தில் யார் உழைத்தார்கள், எந்தச் சட்டத்தின் கீழ் நிலம் எடுத்தார்கள், கூலிக் குடும்பங்கள் எங்கே போயின என்று கேட்டுக் குறித்து வையுங்கள். தாத்தா பெயர், பாட்டி பெயர், தெருப் பெயர் எல்லாம் எழுதுங்கள். பெயர் எழுதப்பட்டவரைப் பூதமாக்குவது கடினம்.

ஜெய் பீம்.