அட்டாரா கச்சேரி: ஒரு கட்டடத்தின் பயன்மாற்றமும் ஒரு சொல்லின் பொருள்மாற்றமும்

பெங்களூரு நகரில், கப்பன் பூங்காவினை ஒட்டி, விதான சௌதாவிற்கு நேர் எதிரே, செந்நிறம் பூசப்பெற்ற நீண்ட இரண்டடுக்குக் கட்டடம் ஒன்று அமைந்துள்ளது. கர்நாடக உயர்நீதிமன்றத்தின் முதன்மை அமர்வு இங்கு இயங்குகிறது. எனினும் இக்கட்டடத்திற்கு வழங்கிவரும் பழம்பெயர் 'அட்டாரா கச்சேரி' என்பதாகும். 'பதினெட்டு அலுவலகங்கள்' என்பது அதன் பொருள். அப்பதினெட்டும் இடம்பெயர்ந்து அரை நூற்றாண்டிற்கு மேலாகியும் பெயர் மட்டும் நிலைத்துள்ளது. அலுவலகம் நீதிமன்றமாகிய பின்னரும் பழைய பெயர் நீடிப்பது எவ்வாறு, அப்பெயரைத் தமிழாக்குவோர் எதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும் என்னும் இரு வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

1. கட்டடத்திற்கு முந்திய பெயர்

கட்டடத்தைக் காட்டிலும் பெயர் பழமையானது. மைசூரை 1673 முதல் 1704 வரை ஆண்ட சிக்கதேவராச உடையார் தம் ஆட்சிப் பணிகளைப் பதினெட்டுத் துறைகளாக வகுத்தார் என்றும், அவ்வமைப்பு 'அட்டாரா கச்சேரி' எனப் பெயர் பெற்றது என்றும் மைசூர் வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. முகலாய ஆட்சிமுறையின் செல்வாக்கு இவ்வமைப்பில் காணப்படுவதாகவும் அவை கூறுகின்றன. கன்னடம் வழங்கும் நாட்டில் துறைகளின் தொகுதிக்கு இந்துஸ்தானிப் பெயர் அமைந்தது இச்செல்வாக்கினைக் காட்டும். 'அட்டாரஹ்' என்பது அம்மொழியில் பதினெட்டினைக் குறிக்கும் எண்ணுப்பெயர். அமில்தார், சிரஸ்தேதார், தப்தர் முதலிய ஆட்சிச் சொற்களும் இவ்வழியே தென்னக மொழிகளில் புகுந்தவை. திப்பு சுல்தானின் படையில் 'கச்சேரி' என்பது ஒரு பெரும் படைப்பிரிவின் பெயராகவும் வழங்கியது. எனவே தொடக்கத்தில் அட்டாரா கச்சேரி என்பது ஓர் இடத்தின் பெயரன்று. ஆட்சி அமைப்பின் பெயர்.

2. அரண்மனையிலிருந்து செயலகத்திற்கு

இன்றைய கட்டடத்தின் வரலாற்றை அறிய, பெங்களூருக் கோட்டைக்குள் எழுந்த வேறொரு கட்டடத்திலிருந்து தொடங்குதல் வேண்டும். ஹைதர் அலி 1781-இல் தொடங்கி, திப்பு சுல்தான் 1791-இல் முடித்த கோடைக்கால அரண்மனையே அது. தேக்குமரத் தூண்கள் தாங்கும் இவ்வரண்மனையில் அதனை 'ரஷ்க்-இ-ஜன்னத்', அதாவது 'சுவர்க்கமும் பொறாமை கொள்வது', எனப் போற்றும் எழுத்துப்பொறிப்பு உள்ளது. 1799-இல் திப்பு வீழ்ந்தார். 1831-இல் மூன்றாம் கிருஷ்ணராச உடையாரிடமிருந்து ஆங்கிலேயர் ஆட்சிப் பொறுப்பை எடுத்துக்கொண்டபோது தலைமையிடம் மைசூரிலிருந்து பெங்களூருக்கு மாறியது. அரசன் தங்கிய மாளிகை ஆணையரின் செயலகமாயிற்று. 1868 வரை அந்நிலை நீடித்தது.

பௌரிங் ஆணையராக இருந்த காலத்தில், 1864-க்கும் 1868-க்கும் இடையே புதிய கட்டடம் எழுப்பப்பட்டது. மைசூர் அரசின் தலைமைப் பொறியாளராக விளங்கிய ரிச்சர்டு சாங்கியின் பொறுப்பில் வடிவமைக்கப்பெற்ற இதன் கட்டுமானத்தை ஏற்றுச் செய்தவர் ஆர்க்காடு நாராயணசாமி முதலியார் என்னும் தமிழர். 1873-இல் பெங்களூரில் பள்ளி நிறுவியவரும் இவரே. ஆங்கில ஆவணங்களில் இக்கட்டடம் 'பொது அலுவலகங்கள்' என்னும் பொருள்படும் பெயரால் குறிக்கப்பெற்றது. வருவாய்த் துறையும் பொதுச் செயலகத்தின் ஏனைய துறைகளும் இங்குக் குடியேறவே, நாட்டில் முன்னரே வழங்கிவந்த பழைய பெயர் புதிய கட்டடத்தின்மேல் ஏறியது.

இங்கு ஓர் ஒப்பீடு பயன்தரும். அரண்மனையில் பொறித்த பெயர் மக்கள் வழக்கில் நிற்கவில்லை. அதனைத் திப்புவின் அரண்மனை என்றே அனைவரும் வழங்குவர். செயலகத்திற்கு ஆங்கிலேயர் இட்ட பெயரும் நிற்கவில்லை. எவரும் பொறித்து வையாத பெயரே நின்றது. ஆட்சியாளர் இடும் பெயரினும் அலுவல் நாடிச் செல்லும் மக்கள் வழங்கும் பெயர் வலிமை வாய்ந்தது என்பதற்கு இஃது ஒரு சான்று.

3. செயலகத்திலிருந்து நீதிமன்றத்திற்கு

1881-இல் ஆட்சி மீண்டும் உடையார் மரபினரிடம் ஒப்படைக்கப்பட்ட பின்னரும் செயலகம் இக்கட்டடத்திலேயே தொடர்ந்தது. 1884-இல் அமைந்த மைசூர்த் தலைமை நீதிமன்றம் 1930-இல் உயர்நீதிமன்றம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. விடுதலைக்குப் பின், கெங்கல் ஹனுமந்தையா முதலமைச்சராக இருந்தபோது விதான சௌதாவின் பணி மேற்கொள்ளப்பட்டது. 1951-இல் ஜவாஹர்லால் நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். 1956-இல் கட்டடம் நிறைவுறவே செயலகம் எதிர்ப்புறத்திற்குப் பெயர்ந்தது. செந்நிறக் கட்டடம் நீதிமன்றத்திற்கு உரியதாயிற்று.

புதிய கட்டடத்திற்கு இட்ட பெயரும் கருதத்தக்கது. 'சௌதம்' என்பது மாளிகையைக் குறிக்கும் வடசொல். 1868-இல் ஆட்சிக் கட்டடம் இந்துஸ்தானிப் பெயர் பெற்றது. 1956-இல் வடமொழிப் பெயர் பெற்றது. கர்நாடகத்தின் வட்டத் தலைநகரங்களில் எழுந்த அலுவலகத் தொகுதிகள் நீண்ட காலம் 'மினி விதான சௌதா' என்றே வழங்கப்பட்டமையால், ஒரு தனிக் கட்டடத்தின் பெயர் அரசு அலுவலகம் என்னும் பொதுப்பெயராகவும் விரிந்தது. அட்டாரா கச்சேரியிலோ பொதுப்பெயர் சிறப்புப் பெயராகச் சுருங்கியது. ஒரு சாலையின் இரு புறத்தும் பொருள்மாற்றத்தின் இரு திசைகளைக் காண்கிறோம்.

1980-களில் பழைய கட்டடத்தை இடித்துவிட்டுப் புதியது கட்டும் முயற்சி எழுந்தது. அதனை எதிர்த்துத் தொடுக்கப்பெற்ற பொதுநல வழக்கு, இடிக்கக் கருதிய அதே கட்டடத்தில் விசாரிக்கப்பட்டது. கட்டடம் இறுதியில் தப்பியது.

4. கச்சேரி: ஒரு சொல், பல பொருள்

இந்தியில் 'கசஹரி' என்பது பெரிதும் நீதிமன்றத்தைக் குறிக்கும். கன்னடத்தில் 'கச்சேரி' இன்றும் அலுவலகத்திற்குரிய ஆட்சிச்சொல். மாவட்ட ஆட்சியரின் அலுவலகப் பலகையிலும் இதனைக் காணலாம். இலங்கைத் தமிழில் மாவட்டச் செயலகம் கச்சேரி என வழங்கும். தமிழகத்திலும் 'கலெக்டர் கச்சேரி', 'தாலூகா கச்சேரி' என்பன முன்னர்ப் பெருவழக்கு. மயிலாப்பூரின் கச்சேரி சாலை அவ்வழக்கின் எச்சம். இன்றைய தமிழகத் தமிழிலோ இச்சொல் இசை நிகழ்ச்சியையே முதன்மையாக உணர்த்துகிறது.

இம்மாற்றங்களை நம் இலக்கண மரபு கொண்டே விளக்கலாம். பலர் கூடும் அவையின் பெயர் அவ்வவையில் நிகழும் இசைக்கு ஆகிவந்ததனை இடவாகுபெயர் எனக் கொள்ளலாம். துறைகளின் பெயர் அவை தங்கிய கட்டடத்திற்கு ஆகிவந்தது தானியாகுபெயர்; 'பாலை இறக்கு' என்புழிப் பாலின் பெயர் பாத்திரத்திற்கு ஆகிவருவது போன்றது இது. பாலை ஊற்றிவிட்டு நீரை நிரப்பிய பின்னரும் பாத்திரத்தைப் பால் என்றே அழைப்பது போல, துறைகள் நீங்கிய பின்னரும் இப்பெயர் கட்டடத்தோடு ஒட்டிக்கொண்டது என்பதே இதன் தனித்தன்மை.

5. மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்கன

முதலாவது, பெயரினை மொழிபெயர்த்தல் தகாது. 'பதினெட்டுக் கச்சேரி' என்பின் தமிழக வாசகர் இசைவிழாவை எண்ணுவர். 'பதினெட்டு அலுவலகங்கள்' என்பின் இன்றைய நீதிமன்றம் மறைந்துவிடும். ஒலிபெயர்த்து, முதன்முறை வரும் இடத்தில் விளக்கம் தருதலே முறை. ஒலிபெயர்ப்பிலும் டகரம் இரட்டித்தல் வேண்டும். 'அடாரா' என எழுதின் தமிழ் ஒலிப்புமுறைப்படி டகரம் மென்மையுற்று மூலச்சொல்லின் வல்லோசை கெடும்.

இரண்டாவது, ஆவணத்தின் ஆண்டினை நோக்குதல் வேண்டும். 1956-க்கு முற்பட்ட ஆவணத்தில் அட்டாரா கச்சேரி என்பது பெரும்பாலும் அரசுச் செயலகத்தைக் குறிக்கும்; பிற்பட்டதில் உயர்நீதிமன்றத்தைக் குறிக்கும். ஆண்டினை நோக்காது பெயர்ப்போர் அரசாணையை நீதிமன்றத் தீர்ப்பாக்கிவிடக் கூடும்.

மூன்றாவது, இக்கட்டடத்தின் இன்றைய கன்னடப் பெயரிலும் ஓர் இடர் உண்டு. கன்னடத்தில் 'உச்ச நியாயாலய' என்பது உயர்நீதிமன்றம். 'சர்வோச்ச நியாயாலய' என்பதே நாட்டின் தலைமை நீதிமன்றம். தமிழில் உச்சநீதிமன்றம் என்பது பின்னதனைக் குறிக்கும். ஒலியொப்புமையை நம்பி 'உச்ச' என்பதனை அவ்வாறே தமிழில் இட்டால், பெங்களூரில் வழங்கிய தீர்ப்பு தில்லியில் வழங்கியதாகிவிடும். இது சொல் அழகு பற்றிய சிக்கலன்று. மேல்முறையீட்டு உரிமையினையே தடுமாறச் செய்யும் பிழையாகும்.

கட்டடங்களைக் காப்போர் கல்லையும் மரத்தையும் காக்கின்றனர். அவற்றுள் நிகழ்ந்த வாழ்வின் முறையை அவற்றின் பெயர்கள் காக்கின்றன. அட்டாரா கச்சேரி என்னும் இரு சொற்களில் மைசூர் அரசு, முகலாயச் செல்வாக்கு, ஆணையர் ஆட்சி, மக்களாட்சிக் காலம் ஆகிய அனைத்தின் தடமும் உள்ளது. கட்டடம் தப்பியவாறே இப்பெயரும் பிறமொழி நூல்களில் சிதையாது தப்புதல் வேண்டும். அப்பொறுப்பு மொழிபெயர்ப்பாளரைச் சார்ந்தது.