பாட்டன் பெயரும் பரம்பரை நோயும்

மலையகத் தமிழரின் உடலைப் பற்றிய கணக்குகள் அக்கரையிலேயே தொடங்கின. தட்டப்பாறையிலும் பின்னர் மண்டபத்திலும் அமைந்த முகாம்களில் அவர்களைத் தடுத்து வைத்து, நோய் உண்டா என்று பார்த்த பின்னரே இலங்கைக்கு அனுப்பினர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், போய்ச் சேரவேண்டிய தோட்டத்தின் அடையாளம் பொறித்த தகரச் சீட்டு ஆளுக்கொன்றாகக் கொடுக்கப்பட்டது. தோட்டத்திற்கு வந்ததும் செக்றோலில் பெயர் ஏறியது. 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் 'இந்தியத் தமிழர்' என்ற தனிப்பிரிவு தோன்றியது. இத்தனை பேரேடுகளில் எழுதப்பட்ட சமூகத்தினர், இன்றைய மருத்துவம் கேட்கும் ஓர் எளிய கேள்விக்கு விடை சொல்ல முடியாமல் நிற்கிறார்கள்.

அந்தக் கேள்வி இதுதான்: "உங்கள் பரம்பரையில் யாருக்கு என்ன நோய் இருந்தது?"

ஒவ்வொருவரின் மரபணுவையும் அவர் சார்ந்த மக்கட்கூட்டத்தின் தரவுகளையும் ஆராய்ந்து, நோய் வருமுன்னரே அவரவர்க்கு ஏற்றவாறு தடுப்பது என்பது இன்று உலகெங்கும் பேசப்படும் மருத்துவம். எல்லாருக்கும் ஒரே அறிவுரை என்ற நிலை மாறி, இவருக்கு இதயநோய்ப் பரிசோதனை முன்கூட்டியே வேண்டும், அவருக்கு இந்த மருந்து ஆகாது என்று பிரித்துச் சொல்லும் காலம் வந்துகொண்டிருக்கிறது. இதில் தேயிலைத் தோட்டங்களுக்கு என்ன இடம் என்பதை அறிய, சற்றே பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

மலையகத்தில் மக்கட்கூட்டத் தரவுகளைக் கொண்டு நோயைத் தடுக்க நடந்த முதலாவது பெருமுயற்சி கொழுக்கிப்புழு ஒழிப்பாகும். அமெரிக்காவின் றொக்பெல்லர் நிறுவனத்தைச் சேர்ந்த விக்டர் ஹைசரின் வருகையை அடுத்து, 1916ஆம் ஆண்டு மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் அந்த இயக்கம் ஆரம்பமானது. தொழிலாளரின் மலம் ஒவ்வொருவராகப் பரிசோதிக்கப்பட்டது. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் புழு இருந்தது. செனப்போடியம் எண்ணெய் போன்ற மருந்துகளைக் கொடுத்துக் குணமாக்கினர். ஆனால் குணமானவர்களுக்கே மறுபடியும் புழு பிடித்தது. காரணம் வெளிப்படை. லயன்களில் மலசலகூடங்கள் இல்லை, இருந்தவையும் போதவில்லை. அவற்றைக் கட்டப் பணம் செலவிடத் தோட்டத் துரைமாரில் பலர் தயங்கினர். வெறுங்காலுடன் கொழுந்து பறித்தவர்களின் பாதத்தின் வழியாகவே புழு திரும்பவும் உடலுக்குள் சென்றது. ஆளை மட்டும் பார்த்து, ஆள் வாழும் இடத்தை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இது நம் மண்ணிலேயே எழுதப்பட்ட பாடம்.

இனி மரபணுவுக்கு வருவோம். மலையகத் தமிழர் தனித்தனி ஆட்களாக இங்கு வந்தவர்கள் அல்லர். பெரிய கங்காணிமார் திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் எனத் தத்தம் ஊர்ப்புறங்களில் உறவினரையும் சாதியினரையும் திரட்டிக் கூட்டமாக அழைத்து வந்தனர். லயன் காம்பராக்கள்கூட பல தோட்டங்களில் சாதிவாரியாகவே பிரித்துக் கொடுக்கப்பட்டன. திருமணம் அந்த வட்டத்துக்குள்ளேயே நடந்தது. மாமன் மகள், அத்தை மகன் என்ற முறை உறவும் தொடர்ந்தது. இவ்வாறு சிறு கூட்டமாகப் பிரிந்து தமக்குள்ளேயே மணம் செய்து பெருகும் மக்களிடையே, முன்னோர் ஒருவரிடம் இருந்த அரிய மரபணுக் குறைபாடு பல தலைமுறைக்குப் பின் பலரிடம் காணப்படலாம். இதனை 'நிறுவுநர் விளைவு' என்பர்.

இது வெறும் ஊகம் அன்று. 2017ஆம் ஆண்டு நேச்சர் ஜெனற்றிக்ஸ் இதழில் வெளியான ஆய்வொன்று தென்னாசியாவின் 260க்கும் மேற்பட்ட குழுக்களைச் சேர்ந்த 2,800க்கும் அதிகமானோரின் மரபணுக்களை ஆராய்ந்தது. அவற்றுள் 81 குழுக்களில் இவ்விளைவு பின்லாந்து மக்களிடமும் அஷ்கெனாசி யூதரிடமும் உள்ளதைவிட வலுவாக இருந்தது. தென்னிந்திய வைசியச் சமூகத்தாரிடம், சத்திர சிகிச்சையின்போது தசைகளைத் தளர்த்தக் கொடுக்கும் சக்சினைல்கோலின் மருந்தை உடைக்கும் நொதியம் குறைவாக இருப்பது பிற மக்களைவிட மிக அதிகம். இது முன்கூட்டியே தெரிந்தால் மயக்க மருந்து நிபுணர் வேறு மருந்தைத் தேர்ந்து உயிரைக் காப்பார். இதயத் தசைப் புரதம் ஒன்றின் மரபணுவில் 25 எழுத்துக்கள் விடுபட்ட நிலை தென்னாசியரில் நூற்றுக்கு ஏறத்தாழ நால்வரிடம் உண்டு என்பதை 2009ஆம் ஆண்டு இந்திய ஆய்வாளர் குழுவொன்று அறிவித்தது. இலங்கையிலும், பாடசாலை மாணவரிடையே நடத்திய பரிசோதனையின் வழியாக நூற்றுக்குச் சுமார் இருவர் பீட்டா தலசீமியாவைக் கடத்துவோர் என 2000ஆம் ஆண்டு லான்செட் இதழ்க் கட்டுரை காட்டியது. கடத்துவோர் இருவர் மணந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் கடும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. ஒரு குருதிப் பரிசோதனை போதும், முன்கூட்டியே அறிய.

இத்தகைய அறிவில் மலையகத்தாருக்கு உரிய பங்கு கிடைத்திருக்கிறதா? உலகின் மரபணு வேறுபாடுகளைப் பட்டியலிட்ட 'ஆயிரம் மரபணுத்தொகுதித் திட்டம்' 2015ஆம் ஆண்டு 26 மக்கட்கூட்டங்களைச் சேர்ந்த 2,504 பேரின் தரவுகளுடன் நிறைவு பெற்றது. அதில் இலங்கைத் தமிழர் இருக்கின்றனர். ஆனால் ஐக்கிய இராச்சியத்தில் வாழும் நூற்றுச் சொச்சம் பேர். அங்கு குடியேறிய இலங்கைத் தமிழரில் பெரும்பாலானோர் வடக்கு, கிழக்கைப் பூர்வீகமாகக் கொண்டோர் என்பதை வாசகர் அறிவர். மஸ்கெலியாவும் தலவாக்கலையும் அந்தப் பட்டியலின் கண்ணில் படவில்லை. மேலும், நோய்க்கும் மரபணுவுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த உலக ஆய்வுகளில் பங்குபற்றியோருள் ஐந்தில் நால்வர் அளவுக்கு ஐரோப்பிய வம்சாவளியினராக இருந்தனர் என்று 2019இல் கணக்கிடப்பட்டது. அத்தரவுகளைக் கொண்டு ஆக்கிய நோய் ஆபத்துக் கணிப்பு நம்மவர்க்குப் பொருந்துவது குறைவு. பிறர் அளவுக்குத் தைத்த சட்டையை நாம் போட்டுப் பார்ப்பது போலத்தான்.

மரபணுப் பரிசோதனை விலை கூடியது என்போருக்கு, செலவே இல்லாத ஒரு பரிசோதனை உண்டு. அதுதான் குடும்ப நோய் வரலாறு. தந்தைக்கும் பெரியப்பாவுக்கும் ஐம்பது வயதுக்கு முன் மாரடைப்பு வந்ததா? அம்மாயிக்குச் சீனி வியாதி இருந்ததா? இக்கேள்விகளே வைத்தியருக்கு வழிகாட்டும். இந்த இடத்தில்தான் நம் வரலாறு நம்மை வஞ்சிக்கிறது.

1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்தவரிடமே தந்தையோ, பாட்டனும் பூட்டனுமோ இங்கு பிறந்ததற்கான ஆதாரத்தைக் கேட்டது. பிறப்புப் பதிவுகள் ஒழுங்காக இல்லாத ஏழைத் தொழிலாளரால் அதனைக் காட்ட இயலவில்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது; எஞ்சிய 1,50,000 பேரின் விதியைப் பின்னர் பார்த்துக்கொள்வதாக விட்டுவிட்டது. அண்ணன் கோத்தகிரிக்கும் தம்பி கொட்டகலைக்கும் ஆனான். சித்தப்பா கூடலூரில் அரசு தேயிலைத் தோட்டத்தில் வேலை பெற்றார். எப்போது, எதனால் இறந்தார் என்று இங்குள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது. அட்டன் பக்கத்துக் குடும்பங்களில் இக்கதையை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். பாட்டன் பெயரை அரசாங்கம் கேட்டபோது காட்டக் கடுதாசி இல்லை. பாட்டனின் நோயை வைத்தியர் கேட்கும்போது சொல்ல ஆள் இல்லை.

எனினும், மரபணுவே எல்லாம் என்று மயங்குவதும் தவறு. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமின்மை நாடு முழுவதும் நூற்றுக்கு 17 ஆக இருக்க, தோட்டப்புறத்தில் அது 32ஐ நெருங்கியது. கருவிலும் குழந்தைப் பருவத்திலும் ஊட்டம் குன்றியவர்க்கு நடுவயதில் நீரிழிவும் இதயநோயும் வரும் ஆபத்துக் கூடுதல் என்பது பல ஆய்வுகளில் தெளிவான உண்மை. இது பாட்டன் தந்த சொத்தல்ல. சம்பளமும் சமையல் பானையும் தந்தது. சென்னையில் டாக்டர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர் நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வு, உணவையும் உடலுழைப்பையும் சீர்செய்தாலே ஆபத்து நூற்றுக்கு 28 வீதத்துக்கு மேல் குறைவதைக் காட்டியது. மரபணு அறியாமலே செய்யக்கூடிய தடுப்பு இது.

ஆகவே இரண்டும் வேண்டும். மலையக மக்கள் மரபணு ஆய்வுகளில் இடம்பெற வேண்டும். ஆனால் அவர்களின் சம்மதத்தோடு, அவர்களுக்கு விளங்கும் தமிழில் விளக்கிய பின்னர், முடிவுகள் அவர்களிடமே திரும்பி வரும் ஏற்பாட்டோடு. சாதியும் இனமும் எழுதிய பேரேடுகள் நம்மை எப்படிப் பிரித்தன என்பதை அறிந்தவர்கள், இந்தப் புதிய பேரேடு யார் கையில் இருக்கும் என்று கேட்பதில் நியாயம் உண்டு. 1916இல் மலசலகூடம் கட்டாமல் மருந்து கொடுத்தது போல, லயன் காம்பராவையும் பிள்ளையின் தட்டையும் அப்படியே விட்டுவிட்டு மரபணு பார்ப்பதும் வீண்.

அதுவரை நாமே செய்யக்கூடியது ஒன்றுண்டு. நீலகிரியிலும் வால்பாறையிலும் இருக்கும் உறவுகளுடன் இன்று கைத்தொலைபேசியில் நாளும் பேசுகிறோம். கலியாணம், கருமாதி விசாரிக்கும்போது, யாருக்கு என்ன நோய், எந்த வயதில் வந்தது என்றும் கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வைப்போம். ஒப்பந்தம் இரண்டாகக் கிழித்த அந்த ஏட்டை ஒட்டுவதற்கு எந்த அரசின் அனுமதியும் வேண்டியதில்லை.